விரால் மட்டும் சாகவில்லை

பெட்டி கட்டிக்கொண்டிருக்கிற என் மகளுக்கு,

திங்கட்கிழமை நீ அணைக்கட்டு மீன் பண்ணையில் வேலைக்குச் சேரப்போகிறாய். பஸ் ஏற்றிவிட வரும்போது ஜன்னலோரம் நின்று, பத்திரமாகப் போ, போய்ச் சேர்ந்ததும் காயிதம் போடு என்பதற்கு மேல் எனக்குப் பேச வராது. அது உனக்கும் தெரியும். அதனால் எழுதுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ கேட்ட ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. நீயும் மறுபடி கேட்கவில்லை. உனக்கு மறந்துகூடப் போயிருக்கலாம். எனக்கு மறக்கவில்லை.

தூத்துக்குடியில் மீன் படிப்புப் படித்துக்கொண்டிருந்தபோது பொங்கல் லீவுக்கு வந்திருந்தாய். மதியச் சாப்பாட்டில் உட்கார்ந்து, வகுப்பில் நடந்த பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாய். குளத்தில் தண்ணீர் குறைந்தால் மீனெல்லாம் கொஞ்ச இடத்தில் நெருங்கிவிடும், வெயிலில் தண்ணீர் சுடும், காற்றில்லாமல் மேகம் மூடின நாளில் தண்ணீருக்குள் இருக்கிற மூச்சு தீர்ந்துபோய் விடிவதற்குள் மொத்தமும் செத்து மிதக்கும் என்றாய். விராலும் தேளியும் மட்டும் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும், பூச்சிமருந்து கலந்திருந்தால் அவையும் சேர்ந்து சாகும் என்றாய். சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தி, "அப்பா, நம்ம கண்மாயில மீன் செத்த அன்னைக்கு நீங்க ஒரு விரால் கொண்டாந்தீகளே. தொட்டியில ஒரு வாரம் உசிரோட கெடந்துச்சே" என்றாய். நான் பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு எழுந்து போனேன். உன் அம்மா, வெயிலில் வந்த களைப்பு என்று உனக்குச் சமாதானம் சொன்னாள்.

உன் சித்தப்பா தங்கராசைப் பற்றி நம் வீட்டில் பேச்சே கிடையாது. என் கண்மாயில் மருந்தைக் கலந்து மீனைக் கொன்றவன், அதனால்தான் ஊரைவிட்டுப் போனான் என்று கேள்விப்பட்டு வளர்ந்தவள் நீ. அவன் கலக்கவில்லை. அது அன்று காலையிலேயே எனக்குத் தெரியும்.

எனக்கு அவன்மேல் பொறாமை. இந்த ஒரு வார்த்தையை எழுத எனக்கு ஐம்பத்தெட்டு வயது ஆகியிருக்கிறது. அவன் என்னைவிட ஆறு வயது இளையவன். நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். அவன் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மம்சாபுரத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இரண்டு கண்மாய்களில் மீன் வளர்த்துப் பிடிக்கிற மீன்பாசி ஏலம் எடுத்தபோது, ஆபீசுக்கு அலைந்தது நான். கையெழுத்துப் போட்டது நான். மீன்குஞ்சு வாங்கி வந்ததும், ஐஸுக்கும் வண்டிக்கும் ஏற்பாடு செய்ததும் நான். அவன் செய்தது தண்ணீரில் இறங்கி நின்றதுதான். ஆனால் வலை இழுக்கிற ஆட்கள் அத்தனை பேரும் அவன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். இடுப்பளவு தண்ணீரில் சும்மா நிற்பான். செத்த நேரம் கழித்து, அந்தப் பக்கம் போடுங்க என்று கையைக் காட்டுவான். அந்தப் பக்கம்தான் மீன் இருக்கும். ராஜபாளையம் மார்க்கெட்டுக்கு நான் கூடைகளோடு போய் இறங்கினால், மீன் விற்கிற பொம்பளைகள் என் தலைக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, தங்கராசு வரலையா என்று கேட்பார்கள். நான்கு வருஷம் அந்தக் கேள்வியைக் கேட்டேன் தாயி. கூடை முழுக்க மீனோடு நான் நிற்கும்போது.

நீயும் ஒரு காரணம். உன்னைக் குறை சொல்லவில்லை, நீ அப்போது நாலு வயசுப் பிள்ளை. நாங்கள் இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருவுக்குள் வரும்போது வாசலிலிருந்து ஓடி வருவாய். நான் சைக்கிளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மற்றக் கையை நீட்டுவேன். என்னைத் தாண்டிப் போய் அவன் காலைக் கட்டிக்கொள்வாய். அவனுக்குப் பிள்ளை இல்லை. அதை நினைத்தாவது என் மனசு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. என்னிடம் இருக்கிற ஒன்றையும் இவன் எடுத்துக்கொள்கிறான் என்றுதான் தோன்றியது.

பாகம் பிரித்துக்கொள்வோம் என்று நான்தான் சொன்னேன். அவன் காரணம் கேட்கவில்லை. மூத்தவன் என்பதால் முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை எனக்கு. ரோட்டை ஒட்டிய பெரிய கண்மாயை எடுத்துக்கொண்டேன். கரையில் நின்றால் அந்தக் கரை தெரியாத அளவுக்குத் தண்ணீர் விரிந்து கிடக்கும். அவனுக்குச் சின்னக் கண்மாய். செங்கல் சூளைக்காரர்கள் மண் தோண்டி நடுவில் பெரும் பள்ளமாகிக் கிடந்த இடம் அது. வலை இழுக்கத் தோதுப்படாது. தம்பி ஏமாந்துவிட்டான் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அன்றைக்கு நான் இரண்டு டீ குடித்தேன்.

பிறகு இரண்டு வருஷம் மழை ஏய்த்தது. எண்பதுகளின் நடுவில், நீ மூன்றாம் வகுப்பில் இருந்தாய். ஐப்பசியில் அய்யனார் கோவில் அருவி நூலாக இறங்கியது என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். ஓடையில் ஒரே ஒரு வெள்ளம் வந்தது. பெரிய கண்மாய் மறுகால் பாயவில்லை, பாதிகூட நிறையவில்லை. நான் அதைப் பெரிசாக நினைக்கவில்லை. பார்வைக்குத் தண்ணீர் பரந்துதான் கிடந்தது. இறங்கினால்தான் தெரியும், வண்டல் மேடிட்ட கண்மாய் அது. தை மாதம் இடுப்பளவு, மாசியில் முழங்கால். தெப்பம் சேற்றில் தட்டி நின்றது. கை நீளத்துக்கு வளர்ந்திருக்க வேண்டிய கட்லா, தலை பெருத்து உடம்பு வற்றி, சாண் நீளத்தில் நின்றுவிட்டது. நாரையும் நீர்க்காகமும் கூட்டமாக வந்து உட்கார்ந்துகொண்டன. மீனுக்கு ஒளிந்துகொள்ள ஆழம் இல்லை. சுற்றுவட்டாரக் கண்மாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வற்றியதால் எல்லோரும் ஒரே வாரத்தில் வலை போட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் இரண்டு மார்க்கெட்டிலும் மீன் மலையாகக் குவிந்து, கேட்பாரில்லாமல் கருவாட்டுக்குப் போனது. மற்றவர்கள் முடித்துக்கொள்ளட்டும், கடைசியாக நாம் போட்டால் நல்ல விலைக்குப் போகும் என்று நான் காத்திருந்தேன். அது ஒன்றும் முட்டாள்தனமான கணக்கு இல்லை. ஆனால் நான் காத்திருந்ததற்கு அது மட்டும் காரணமில்லை.

சின்னக் கண்மாயில் சூளைப் பள்ளத்தில் இரண்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. எல்லோரும் பார்த்துச் சிரித்த அதே பள்ளம். மீன் கொழுகொழுவென்று மேலே வந்து துள்ளிவிட்டுப் போகும். நான் தினமும் சைக்கிளைச் சுற்றுவழியில் விட்டு அந்தக் கரை வழியாகப் போவேன். என் கண்மாயில் எத்தனை சாண் இறங்கியது என்று கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அவன் தண்ணீர் எத்தனை விரற்கடை இறங்கியது என்று சொல்லியிருப்பேன். அதுவும் சீக்கிரம் வற்றவேண்டும் என்று ஆசைப்பட்டேன். வானத்தைப் பார்த்து மழை வேண்டாம் என்று ஆசைப்பட்ட கண்மாய்க் குத்தகைக்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பங்குனியில் மாரியம்மன் கோவில் பூக்குழிக்குக் கொடி ஏறியது. கொடி ஏறிவிட்டால் வீடுகளில் கவுச்சி கிடையாது, மீன் விற்காது. திருவிழா முடிந்த மறுநாள் ஆளாளுக்கு மீனுக்கு அலைவார்கள் என்று அதையும் சேர்த்துக் காத்திருந்தேன். அப்போதுதான் தங்கராசு என்னைத் தேடி வந்தான். பாகம் பிரித்த பிறகு அவன் நம் வீட்டுப் படி ஏறியது அன்றுதான். மீன் விடியற்காலையில் வாயைத் தூக்குகிறது, அதற்கு மூச்சு போதவில்லை, திருவிழா வரைக்கும் தாங்காது என்றான். பெரிய மீன்களை உயிரோடு பிடித்து அண்டாவில் போட்டு வண்டியில் ஏற்றித் தன் பள்ளத்தில் விட்டுவிடலாம், ஆள் கூலி தன்னுடையது, விற்கும்போது என் மீனை நானே எடுத்துக்கொள்ளலாம் என்றான். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் நான் போனபோது பெரிய கண்மாய்க் கரையில் நின்றுகொண்டிருந்தான். காற்று அசையவில்லை. மேற்கே மலைமேல் மேகம் மூடியிருந்தது, மழைக்கான மேகம் இல்லை, புழுக்கம்தான். நான் சைக்கிளைவிட்டு இறங்கவில்லை.

"அண்ணே, வலையும் வண்டியும் சொல்லிவச்சிருக்கேன். இப்பவே எறங்கிருவோம். நாளைக்குன்னு சொன்னா மீனு நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காது."

"வேண்டாம்லே. பொறவு தங்கராசு தண்ணியிலதான் அண்ணன் மீன் பொழச்சுச்சுன்னு ஊரு பேசும்."

"பேசுனா என்னண்ணே?"

அவனுக்கு உண்மையிலேயே அது விளங்கவில்லை. பேசினால் என்ன என்று கேட்கிறவனோடு நான் என்ன பேசுவது. பெடலை மிதித்து வந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது அங்கேயேதான் நின்றான்.

மறுநாள் விடிந்ததும் போனேன். கரை ஏறும்போதே நாற்றம் இல்லை, சத்தமும் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. தண்ணீர் வெள்ளை வெளேரென்று கிடந்தது. கட்லா, ரோகு, கெண்டை, எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மிதக்கக்கூட இடமில்லை. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி நடந்தேன். கணுக்காலில் செத்த மீன் இடித்தது. மடைக்குப் பக்கத்தில் சேறு அசைந்தது. கையை விட்டேன், விரால். இன்னொரு இடத்தில் தேளி நெளிந்தது. எல்லாம் உயிரோடு, சுறுசுறுப்பாக இருந்தன. குத்தகைக்காரனுக்கு இதைப் பார்த்துப் புரிந்துகொள்ள உன் படிப்பு தேவையில்லை. தண்ணீர் குறைந்து மீன் செத்தது. தம்பி சொன்னதுதான் நடந்தது. அந்த விராலை ஒரு பானையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து தொட்டியில் விட்டேன். ஏன் விட்டேன் என்று எனக்கே தெரியாது, கை பழக்கம். நீ அதற்குச் சோறு போட்டு விளையாடினாய்.

நான் திரும்பிப் போவதற்குள் கரையில் கூட்டம் கூடிவிட்டது. வலை ஆட்களில் மூத்தவர் மாடசாமி அண்ணாச்சி என் தோளைத் தொட்டு, பருத்திக்கு அடிக்கிற மருந்தை எவனும் கலந்துட்டானா என்று கேட்டார். அந்த இடத்தில், இல்லை, தண்ணீர் பத்தவில்லை, நான்தான் நேரத்தோடு பிடிக்காமல் விட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் தங்கராசு படித்துப் படித்துச் சொன்னானே என்று யாராவது ஒருவர் சொல்லியிருப்பார். அதை என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது.

"நேத்து சாயந்தரம் எந்தம்பிதான் இங்க நின்னுக்கிட்டு இருந்தான்" என்றேன்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை பொய் இல்லை அதில். மாடசாமி அண்ணாச்சி தோளிலிருந்து கையை எடுத்தார். மதியத்துக்குள் ஊர் முழுவதும் போய்விட்டது.

அவன் கண்மாய் மீனை ஒருவரும் வாங்கவில்லை. திருவிழா முடிந்து மீனுக்கு அலைந்த ஊர், மருந்துக் கை பட்ட மீன் என்று அவன் கூடையை மட்டும் ஒதுக்கியது. தங்கராசு வரலையா என்று கேட்ட அதே பொம்பளைகள்தான். ஊர்க்கூட்டம் போட்டார்கள். அவனை நிறுத்திக் கேட்டபோது அவன் அவர்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். "அண்ணன் சொல்லட்டும். அவிய என்ன சொன்னாலும் சரி" என்றான். கூட்டம் முழுக்க என் பக்கம் திரும்பியது. எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். கலந்தான் என்று சொல்லவில்லை, கலக்கவில்லை என்றும் சொல்லவில்லை. அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்து போனான். அவனுக்காக எழுந்து போக அந்தக் கூட்டத்தில் ஓர் ஆள் இல்லை. அவனைச் சுற்றி ஆள் இல்லாமல் நான் பார்த்தது அன்றுதான். உள்ளுக்குள்ளே எனக்குக் குளிர்ந்தது. இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதினால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை.

ஒரு மாதத்தில் அவனும் உன் சித்தியும் ஆலங்குளம் பக்கம் போய்விட்டார்கள். போகிற அன்று உன் சித்தி சொல்லிவிட்டுப் போக நம் வீட்டுக்கு வந்தாள். நான் சொன்னதை நம்பியிருந்த உன் அம்மா அவள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். அடுத்த ஏலத்தில் போட்டிக்கு ஆளில்லாமல் சின்னக் கண்மாயும் எனக்கே வந்தது. அவன் விட்டுப்போன மீன் அந்தப் பள்ளத்தில் இருந்தது. பிடித்து விற்றேன். மழை வந்தது, இரண்டு கண்மாயும் நிறைந்தன, உன்னைப் படிக்க வைத்தேன். எனக்கு வேண்டியதெல்லாம் கிடைத்தது. ஆனால் வலை ஆட்கள் அந்த இடத்தைத் தங்கராசு பள்ளம் என்றுதான் சொன்னார்கள். மருந்து கலந்தவன் என்று காறித் துப்பிய வாயாலேயே, நாளைக்குத் தங்கராசு பள்ளத்துல எறங்குவோமா அண்ணாச்சி என்று என்னிடம் கேட்பார்கள். இல்லாத ஆள்மேலும் பொறாமைப்பட்டுக்கொண்டு பதிமூன்று பதினாலு வருஷம் ஓட்டினேன்.

உன் வேலையில் இது உனக்கு உதவும் என்பதால் ஒன்று சொல்கிறேன். தண்ணீர் நிறைந்திருக்கிற காலத்தில் உன்னை யாரும் தேட மாட்டார்கள். தண்ணீர் இறங்கும்போதுதான் கரையில் வந்து நிற்பார்கள். குத்தகைக்காரன், வயலுக்கு மடையைத் திறக்கச் சொல்கிற சம்சாரி, வலைக்காரன் எல்லோரும் ஒருவனை ஒருவன் கைகாட்டுவார்கள். நீ முதலில் சேற்றில் இறங்கிப் பார். எது செத்திருக்கிறது, எது பிழைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதை அத்தனை பேர் முன்னாலும் சத்தமாகச் சொல். நான் பார்த்தேன். சொல்லவில்லை.

போன மாதம், உனக்கு வேலை உத்தரவு வந்த அன்று, உன்னிடம் ஏதோ சொல்லிவிட்டுப் பஸ் ஏறி ஆலங்குளம் போனேன். சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரிகள் நிற்கிற இடத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறான். மரம், கூரை, பெஞ்சு எல்லாவற்றிலும் வெள்ளைப் புழுதி. தலை நரைத்துவிட்டது. நான் உள்ளே நுழையும்போது லாரிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் அவனிடம் உரிமையாகக் குழம்பு கேட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கடை காலியாக இருந்தது, இங்கே இடத்துக்குக் காத்து நின்றார்கள். மன்னிப்புக் கேட்கப் போனவனுக்கு அதைப் பார்த்ததும் வயிற்றில் என்ன எரிந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கேயும் சேர்த்துவிட்டானே என்று நினைத்தேன்.

கூட்டம் கலைந்ததும் எதிரே வந்து உட்கார்ந்தான். பிள்ளை படிப்பை முடித்துவிட்டாளா என்றுதான் முதலில் கேட்டான். வேலை கிடைத்ததைச் சொன்னேன். உன் சித்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். நான் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், அன்றைக்கு மடைப்பக்கம் விரால் உயிரோடு கிடந்ததை நான் பார்த்தேன் என்றேன்.

"தெரியும்ணே" என்றான். "நானும் அன்னைக்குப் பொறவாட்டி வந்து பாத்தேன். சேத்துல ஒங்க கால்தடம் மடை வரைக்கும் போயிருந்துச்சு."

அப்படியென்றால் கூட்டத்தில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். எனக்குக் கோபம்கூட வந்தது. அவன் மேஜையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"நான் சொன்னா நம்பியிருப்பாக. அண்ணன் பொய்யனாயிருவீக. நீங்களே சொல்லுவீகன்னு நெனச்சேன். அம்புட்டுத்தான்."

நான் அழுதேனா என்று கேட்காதே. அவன் சமாதானப்படுத்தவில்லை. "எனக்கு ஒண்ணும் ஆறலண்ணே. ஆறிருச்சுன்னு நீங்க நெனச்சுக்கிட்டுப் போகாதீக. சாப்பிட்டுட்டுப் போங்க" என்றான். இலை போட்டான். சாப்பிட்டேன். உன் சித்தி வெளியே வரவே இல்லை.

ஊருக்குத் திரும்பியும் நாள் கடத்தி, இந்த வாரம்தான் மாடசாமி அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு இப்போது காது மந்தம். இரண்டு தடவை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. டீக்கடையில் இருந்தவர்களும் கேட்டார்கள். உன் அம்மாவிடம் அதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். அவள் நான்கு நாளாக என்னோடு பேசவில்லை. ஒரே ஒரு தடவை, "அந்தக் கதவ என்னையில்ல சாத்த வச்சீக" என்றாள். அன்று நீ ராஜபாளையத்துக்குத் துணி எடுக்கப் போயிருந்தாய், உனக்குத் தெரியாது. வீட்டில் ஏன் இப்படி இருக்கிறது என்று நீ கேட்டதற்கும் இதுதான் பதில்.

இதைப் படித்துவிட்டு நீ உன் சித்தப்பாவைப் பார்க்கப் போவாய். உன்னை எனக்குத் தெரியும். வேலையில் சேர்ந்து முதல் லீவு கிடைத்ததுமே ஆலங்குளத்தில் போய் இறங்குவாய். போகத்தான் வேண்டும். என்னைக் கூட்டிக்கொண்டு போகாதே, என்னை வைத்துக்கொண்டு அவன் உன்னிடம் ஒன்றும் பேச மாட்டான். உன் வேலையைப் பற்றி, அணையைப் பற்றி, தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதைப் பற்றி அவனிடம் சொல். என்னிடம் சொல்வதற்கு முன்னால் சொன்னாலும் சரி. நீ அங்கே இருக்கிற நேரம் முழுக்க நான் இங்கே உட்கார்ந்து, இப்போது என்ன பேசிக்கொண்டிருப்பார்கள், என்ன சிரித்துக்கொண்டிருப்பார்கள் என்று வெந்துகொண்டிருப்பேன். அதற்காக நீ சீக்கிரம் கிளம்பி வரவேண்டாம்.

அப்பா